லேட்டாக வந்த குதிரை

உங்களுக்கு லேட்டாக வந்து சேர்ந்த கடிதம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? இன்டர்வியூ முடிந்த மறுநாள் வந்த கார்டு, கல்யாணப் பந்தலைப் பிரித்த பிறகு வந்த மணியார்டர், இப்படி ஏதாவது? தபால்காரரை நாலு வார்த்தை திட்டியிருப்பீர்கள். ஜெர்மனியில் ஓர் இடத்தில், கடிதத்தை இரண்டு வாரம் தாமதமாகக் கொண்டுவந்த ஆளுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். குதிரையோடு சேர்த்து.

இடத்தின் பெயர் ஷ்லாஸ் யோஹானிஸ்பெர்க். ஷ்லாஸ் என்றால் மாளிகை. யோஹானிஸ்பெர்க் என்றால் யோவான் மலை. 2019 அக்டோபரில் ஃப்ராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அந்தக் கண்காட்சியை முழுசாக நடந்து முடித்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. மூன்றாம் நாள் கால் கெஞ்ச ஆரம்பித்ததும், புத்தகம் போதும் என்று மறுநாள் காலை ரயிலேறிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். வீஸ்பாடன் தாண்டியதும் இடது ஜன்னலில் ரைன் நதி, வலது ஜன்னலில் திராட்சை. கெய்சன்ஹைம் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் குன்றின் உச்சியில் மாளிகை. அதன் காலடியில் நதியை நோக்கிச் சரிகிற கொடி வரிசைகள். இலையெல்லாம் பழுத்து மஞ்சளாகக் கிடந்தன. நான் ஈரோட்டு மஞ்சள் வியாபாரியின் மகன். அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

மலை என்று சொன்னேனே தவிர, கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டரைக்கூடத் தொடாத மலை. சென்னிமலைப் படி ஏறி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு மேடு. ஆனால் இந்த மேட்டுக்காக மடாதிபதிகளும் மார்ஷல்களும் சக்கரவர்த்திகளும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இங்கே?

முதலில் நதியைப் பாருங்கள். ரைன் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நதி. மைன்ஸ் நகரத்தருகே டவுனஸ் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. நதி முட்டிப் பார்த்து முடியாமல் மேற்கே திரும்பி, சுமார் முப்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போய், பிங்கன் அருகே ஓர் இடுக்கு கிடைத்ததும் மறுபடி வடக்கே நழுவிவிடுகிறது. இந்த முப்பது கிலோமீட்டர் திருப்பத்துக்குத்தான் ரைன்காவ் என்று பெயர். நதி மேற்கே ஓடினால் அதன் வடகரை தெற்கே பார்த்தபடி இருக்கும் அல்லவா? அதில்தான் எல்லாம் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை டவுனஸ் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. தெற்கு முகத்தில் வெயில். கீழே சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிற தண்ணீர். அது பகலில் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இரவில் சேர்த்துவைத்த சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

இது என்ன பெரிய விஷயம், எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். ஐம்பதாவது அட்சரேகை இந்தத் தோட்டத்துக்கு ஊடாகத்தான் போகிறது. கிட்டத்தட்ட இதே ரேகையில் கனடாவின் வின்னிபெக் நகரம் இருக்கிறது; அங்கே ஜனவரியில் மைனஸ் முப்பது சகஜம். இங்கே அக்டோபர் மத்தியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து முப்பது டிகிரிதான் மேலே ஏறும். நம் ஊரில் காலை எட்டரை மணிக்கு அடிக்கிற வெயில் மாதிரி. அவ்வளவு சாய்வாக வருகிற வெயில், தட்டை நிலத்தில் விழுந்தால் நீளமாகப் பரவி நீர்த்துப் போகும். யோஹானிஸ்பெர்க் சில இடங்களில் 45 சதவீதச் சரிவு. அதாவது நூறடி நகர்ந்தால் நாற்பத்தைந்தடி ஏற வேண்டும். நிலமே டிஷ் ஆன்டெனா மாதிரி சூரியனைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வெயில் முகத்தில் அறைகிற மாதிரி விழுகிறது.

சார்லமேன் சக்கரவர்த்தி எதிர்க்கரையில் இங்கல்ஹைம் அரண்மனையில் இருந்தபோது, இந்தக் குன்றில் மட்டும் பனி முதலில் உருகுவதைக் கவனித்து, அங்கே திராட்சை வையுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ராஜாக்கள் பெயரில் நடமாடும் கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறது என்று பார்த்து நிலத்தை எடைபோடுகிற ஆள், ராஜாவோ மாடு மேய்ப்பவனோ, விஷயம் தெரிந்த ஆள்.

மண்ணைக் கொஞ்சம் கையில் அள்ளிப் பார்த்தேன். செந்நிறம். உடைந்து நொறுங்கிய குவார்ட்சைட் கல், அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த லோயஸ் எனப்படும் மென்மண். கல் சீக்கிரம் சூடாகும். மழைத் தண்ணீரை நிற்கவிடாமல் கீழே அனுப்பிவிடும். மென்மண் வேருக்குத் தேவையான ஈரத்தைப் பிடித்துவைக்கும். சுமார் 50 ஹெக்டேர், நம் கணக்கில் 120 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அத்தனையிலும் ஒரே ரகம்: ரீஸ்லிங். வெள்ளைத் திராட்சை. சின்னப் பழம். குளிரைத் தாங்கும் கட்டை. வசந்தத்தில் தாமதமாகத் துளிர்க்கும்; அதனால் கடைசி உறைபனியிலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடும். பழுப்பதிலும் நிதானம். மற்ற ரகங்கள் கூடைக்குப் போன பிறகும் இது புளிப்பாகவே தொங்கிக்கொண்டிருக்கும். நம் வீட்டுக் கடைக்குட்டி மாதிரி, அவசரப்படுத்தினால் காரியம் கெடும்.

சரி, யாருடைய தோட்டம்? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1100 வாக்கில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். நாளடைவில் பாழானது. 1716-ல் ஃபுல்டா நகரத்து மடாதிபதி வாங்கினார். நம் ஊர் ஆதீனம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு குட்டி ராஜ்யமும் உண்டு. 1720 தொடங்கி அவர்தான் மூன்று லட்சத்தை ஒட்டி ரீஸ்லிங் கொடிகளை நட்டார். பல ரகங்களைக் கலந்து நடுவது வழக்கமாக இருந்த காலத்தில், ஒரே ரகத்தில் இவ்வளவு பணத்தைப் போட்டது பெரிய துணிச்சல். பிறகு நெப்போலியன் காலத்தில் கைமாறி, அவருடைய மார்ஷல் கெல்லர்மனுக்கு இனாமாகப் போனது. நெப்போலியன் தோற்றதும் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி கைக்கு வந்து, 1816-ல் அவர் அதைத் தன் மந்திரி மெட்டர்னிக்குக்குப் பரிசளித்தார். பரிசுதான், ஆனால் நிபந்தனை உண்டு: விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு வர வேண்டும். சாம்ராஜ்யம் 1918-ல் போன பிறகும் அந்தப் பங்கு போய்க்கொண்டிருந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த ஒப்பந்தத்தை எழுதிய குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு.

இனி குதிரைக்கு வருவோம்.

தோட்டம் ரைன் கரையில். சொந்தக்கார மடம் ஃபுல்டாவில். நடுவே சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். மேலிடத்து அனுமதி இல்லாமல் ஒரு குலை அறுக்கக்கூடாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு குதிரைக்காரர் பழுத்த பழத்தை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஃபுல்டா போவார். அறுக்கலாம் என்ற உத்தரவோடு திரும்பி வருவார். 1775-ல் போனவர் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வழிப்பறி என்கிறார்கள், பெண் விவகாரம் என்கிறார்கள், மேலிடம் வேட்டைக்குப் போயிருந்தது என்கிறார்கள். அவரவர் ரசனைப்படி.

இங்கே பழம் பழுத்து, முற்றி, சுருங்கி, பூஞ்சை பிடித்துவிட்டது. சாம்பல் பூத்த மாதிரி மேலெல்லாம் பொசுபொசுவென்று. பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் அறுவடை முடிந்து ஆட்கள் ஆடிக்கொண்டிருந்திருப்பார்கள். கடைசியில் குதிரை வந்தது. உத்தரவும் வந்தது. வேறு வழியில்லாமல் அந்த அழுகலை அறுத்துப் பிழிந்தார்கள். அடுத்த வருடம் பீப்பாயைத் திறந்து ருசி பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்பது கதை.

அந்தப் பூஞ்சைக்குப் பெயர் பொட்ரைட்டிஸ். அது செய்கிற வேலை விசித்திரமானது. பழத்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போடுகிறது. அதன் வழியாகப் பழத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளேயே தங்கி, பாகு மாதிரி இறுகுகிறது. நதியிலிருந்து எழும்பும் காலை மூடுபனி பூஞ்சையை வளர்க்கிறது. பகல் வெயில் பழத்தைக் காயவைக்கிறது. இரண்டும் மாறிமாறி வேண்டும். நதி, சரிவு, வெயில் என்று இவ்வளவு நேரம் உங்களைப் படுத்தியது இதற்காகத்தான். இதே பூஞ்சை, தொடர்ந்து நாலு நாள் மழை பெய்தால், நல்ல பிள்ளை வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாதாரண அழுகலாகிவிடும். மொத்தமும் குப்பை.

அன்றிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக அறுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஒயினுக்கு ஸ்பேட்லீஸ் என்று பெயர். அர்த்தம், தாமத அறுவடை. இதைக் ‘கண்டுபிடிப்பு’ என்பதில் எனக்குச் சின்ன ஆட்சேபணை உண்டு. ஹங்கேரியில் டோக்காய் பகுதிக்காரர்கள் அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே பூஞ்சை பிடித்த பழத்தில் ஒயின் செய்தார்கள். ஆனால் அவர்களிடம் குதிரைக் கதை இல்லை.

நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா சார் என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிளாஸ். வீட்டில் தெரியும். தேனில் எலுமிச்சை பிழிந்து, அதை ஈரக் கல்லில் ஊற்றிய மாதிரி. இனிப்பு வந்து நாக்கில் உட்காருவதற்குள் புளிப்பு வந்து எழுப்பிவிடுகிறது. அந்தப் புளிப்பு மட்டும் இல்லாவிட்டால் பாயசம்தான்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து சிலை முன்னால் நின்றேன். டூரிஸ்ட்டுகள் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கென்னவோ கோபம் வந்தது.

காரணம் சொல்கிறேன். மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு. வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை கட்டிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். அதனால் ஈரோட்டில் விலை இறங்கினால் குடோன் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள். காத்திருந்து வீடு கட்டியவர்களின் கதையைத்தான் டீக்கடையில் சொல்வார்கள். நான் பி.காம். இரண்டாம் வருடம் படித்தபோது அப்பாவிடம் குடோன் நிறைய விரலி மஞ்சள். விலை சரியில்லை, பொறு என்றார். ஒரு வருடம் போனது. விலை இன்னும் இறங்கியது. வட்டி ஓடியது. இன்னும் ஒரு வருடம். அம்மாவின் வளையல் காணாமல் போனது. எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்த்தபோது மாவு கொட்டியது. வண்டு. பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டார். அதே வாரம் எனக்குக் காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சை. இருப்பு வைப்பதில் உள்ள செலவுகளை விளக்குக என்று ஒரு கேள்வி. வட்டி, வாடகை, சேதாரம் என்று அழகாகத் தலைப்புப் போட்டு எழுதினேன். நல்ல மார்க். அப்பா அதற்குப் பிறகு வியாபாரம் செய்யவில்லை. ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். அந்த மஞ்சளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

இப்போது சிலையைப் பாருங்கள். 1775-ல் அந்த இரண்டு வாரம் மழை பெய்யவில்லை. அவ்வளவுதான். பெய்திருந்தால் குதிரைக்காரர் வேலை போயிருக்கும், சிலை வந்திருக்காது. தாமதம் ஒயினானது, அதனால் கதையானது. தாமதம் குப்பையான வருடங்களும் ரைன் கரையில் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுக்கு யார் வெண்கலம் வார்ப்பார்கள்?

இன்னொன்றும் தோன்றியது. அந்த ஒரு வருட விளைச்சல் முழுக்கப் போயிருந்தாலும் ஃபுல்டா மடம் பட்டினி கிடந்திருக்காது. வேறு நிலம், வேறு வரி, வேறு காணிக்கை. இன்றைக்கும் இந்தத் தோட்டத்தில் கணக்கு அப்படித்தான். பாட்டில் மூடிக்கு மேலே கலர் கலராக முத்திரை வைக்கிறார்கள். மெட்டர்னிக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். மஞ்சள் முத்திரை அன்றாட ஒயின், பச்சை ஸ்பேட்லீஸ், தங்க முத்திரை, கொடியிலேயே உலர்ந்து திராட்சை வற்றலாகிவிட்ட பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்தது, நீலம், ஐஸ் ஒயின். மஞ்சள் முத்திரை நேரத்துக்கு அறுத்து வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். தங்கத்துக்கும் நீலத்துக்கும் சில வரிசைகளை மட்டும் விட்டுவைத்துச் சூதாடலாம்.

அந்த ஐஸ் ஒயின்தான் சூதாட்டத்தின் உச்சம். பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரி என்று காத்திருக்க வேண்டும். வெப்பம் மைனஸ் ஏழு டிகிரிக்குக் கீழே போகிற இரவில், விடிவதற்குள் ஓடிப்போய்ப் பறித்து, உறைந்தது உறைந்தபடியே பிழிய வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நின்றுவிட, இனிப்புச் சாறு மட்டும் சொட்டும். யோஹானிஸ்பெர்க்கில் 1858-லேயே செய்திருக்கிறார்கள். பறவை கொத்தும், காட்டுப்பன்றி தின்னும், அழுகும். எல்லாம் தாண்டி மிஞ்சினால் லாபம்.

ஆனால் குளிர் வர வேண்டுமே? மலைக்குக் கீழே கெய்சன்ஹைமில் 1872-ல் தொடங்கிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இப்போது பல்கலைக்கழகம். அங்கே ஒரு கொடித் தோட்டத்தில் வட்டமாகக் குழாய்களை நட்டு, காற்றில் கார்பன் டையாக்சைடை இருபது சதவீதம் கூடுதலாக ஊதிக்கொண்டிருக்கிறார்கள். வருங்காலக் காற்றில் ரீஸ்லிங் என்ன செய்யும் என்று இப்போதே பார்க்கிறார்கள். நிகழ்காலமே மாறிவிட்டது என்பது வேறு விஷயம். என் சின்ன வயதில் இருந்ததைவிட இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே இங்கே அறுவடை வந்துவிடுகிறது. வெயில் பழத்தின்மேல் படட்டும் என்று அந்தக் காலத்தில் இலைகளைக் கிள்ளிப் போட்டார்கள். இப்போது பழத்தைச் சுட்டுவிடக் கூடாதே என்று இலைகளை விட்டுவைக்கிறார்கள். செங்குத்துச் சரிவு, சூடேறும் கல், தெற்குப் பார்த்த முகம் என்று எதையெல்லாம் ஆயிரம் வருடம் சொத்தாக எழுதிவைத்தார்களோ, அதெல்லாம் கோடையில் கொடிக்குத் தாகம் எடுக்கவைக்கிற விஷயமாகிவிட்டது. புளிப்பு குறைவதற்குள் பறித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். பொறுத்துப் பெயர் வாங்கிய மலையில் அவசரம்!

ஊருக்குத் திரும்பிய வாரக் கடைசியில் தீபாவளி. ஈரோட்டில் அப்பாவிடம் செல்போனில் குதிரைச் சிலையைக் காட்டி, கதையைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

“மழை பேஞ்சிருந்தா என்ன கண்ணு பண்ணியிருப்பாங்க?”

“சாமியாருக்கு வேற வருமானம் இருந்துச்சுங்ப்பா.”

“அதான பார்த்தேன்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டி.வி.யைப் போட்டார்.

2020 மார்ச்சில் ஒரு சின்னச் செய்தி படித்தேன். நான் பார்த்துவிட்டு வந்த அந்த 2019 விளைச்சலில், ஜெர்மனியின் பதின்மூன்று ஒயின் பகுதிகளிலும் ஐஸ் ஒயினே இல்லை. முதல் முறையாக. ஓர் இரவுகூடத் தேவையான அளவு குளிரவில்லை. பழத்தை விட்டுவைத்தவர்களுக்கெல்லாம் அழுகல்தான். கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம். தினம் அப்பாவுக்குப் போன் செய்வேன், பேச விஷயம் இருக்காது. அன்றைக்கு இதைச் சொன்னேன்.

“குளிரே வர்லியா?”

“வர்லீங்ப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“பூராத்தையும் உட்டு வெச்சிருக்க மாட்டாங்க கண்ணு. நாலு வரிசை, அஞ்சு வரிசை உட்டிருப்பாங்க” என்றார். பிறகு, “நாந்தான் பூராத்தையும் வெச்சிருந்தேன்” என்றார்.

பின்னால் அம்மா, யாரு போன்ல என்று கேட்டது காதில் விழுந்தது.